ஒரு கம்பியூட்டர், பல தபாற்பெட்டிகள்



உயர்தரப் பெறுபேறு வந்து பிள்ளைகள் விண்ணப்பம் போடத் தொடங்கினால் பெற்றோர் என்னிடம் கேட்கும் கேள்வி இது: "சேர், புள்ளைக்கு வேற ஈமெயில் கட்டாயமா? வீட்டுல ஒண்டு இரிக்கிதானே, அதையே எல்லாருக்கும் குடுத்தா என்ன?" ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் இந்தக் கேள்விக்கு அறுபது வருடச் சரித்திரம் இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால் பதிலை நான் சொல்லத் தேவையில்லை. பதிவு நீளம். தேத்தண்ணியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

ஒரு கம்பியூட்டரை நாலைந்து பேர் பாவிப்பது வசதி குறைந்த வீட்டுப் பிரச்சினை என்றுதான் நாம் நினைக்கிறோம். உண்மையில் பகிர்ந்து பாவிப்பதுதான் முதலில் வந்தது. ஆளுக்கொன்று என்பது பின்னால் வந்த பழக்கம். 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் எம்.ஐ.டி போன்ற பெரிய பல்கலைக்கழகத்தில்கூட ஒரு கம்பியூட்டர் ஒரு மண்டபத்தை அடைத்துக்கொண்டு கிடந்தது. மாணவர்கள் துளையிட்ட அட்டைகளில் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு விடை வரும் வரை மணிக்கணக்கில் காத்திருப்பார்கள். பிழை ஒன்று இருந்தால் திரும்பவும் வரிசை.

இதற்குத் தீர்வாக வந்ததுதான் நேரப் பகிர்வு முறை. பெர்னாண்டோ கோர்பட்டோ என்பவரின் குழு 1961 நவம்பரில் எம்.ஐ.டியில் அதைச் செய்து காட்டியது. சி.ரி.எஸ்.எஸ் என்று பெயர். முப்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஆசிரியர் மேசை மேசையாக மிக வேகமாகச் சுற்றி வந்து கொப்பி பார்க்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பிள்ளையும் "சேர் எனக்குப் பக்கத்தில்தான் நிற்கிறார்" என்று நினைக்கும். அந்த இயந்திரமும் அப்படித்தான். கண் சிமிட்டும் நேரத்தில் ஒருவரின் வேலையிலிருந்து அடுத்தவரின் வேலைக்குத் தாவியது. பலர் தட்டச்சு இயந்திரம் போன்ற முனையங்களில் இருந்துகொண்டு ஒரே கம்பியூட்டரை ஒரே நேரத்தில் பாவித்தார்கள்.

பாவிப்பவர்கள் பலர், பெட்டி ஒன்று என்றதும் வந்த முதல் கேள்வி: என் கோப்பு எது, உன் கோப்பு எது? ஒவ்வொருவருக்கும் சொந்தமாக ஒரு கோப்புறை கொடுத்தார்கள். அதற்குப் பூட்டாக ஆளுக்கொரு கடவுச்சொல் வைத்தார்கள். கம்பியூட்டரில் நாம் இன்று அடிக்கும் பாஸ்வேர்டுக்கு மூத்த வாப்பா அதுதான். அங்கே பெரிய இரகசியம் எதுவும் இருக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். எல்லோரும் கணக்குப் போடும் ஆராய்ச்சியாளர்கள். ஒருவரின் வேலை இன்னொருவரின் வேலையோடு கலக்கக்கூடாது என்பதுதான் நோக்கம். "எங்களுக்குள்ள ஒளிக்க என்ன இரிக்கி?" என்று நம் வீடுகளில் சொல்கிறோமே, அது வேறு விடயம். பூட்டு வந்தது ஒளிக்க அல்ல, கலக்காமல் இருக்க.

பூட்டு வந்த கொஞ்சக் காலத்திலேயே அதை உடைக்கவும் ஆள் வந்துவிட்டார். அலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவருக்கு வாரத்துக்கு நான்கு மணித்தியாலம்தான் ஒதுக்கியிருந்தார்கள். அது போதவில்லை. 1962இல் ஒரு வெள்ளி இரவு, கடவுச்சொற்கள் இருந்த கோப்பை அச்சிட்டுத் தரும்படி ஓர் அட்டையில் துளையிட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். சனிக்கிழமை காலை போய்ப் பார்த்தால் எல்லோருடைய பாஸ்வேர்டும் தாளில் தயாராக இருந்தது! பிடிபட்டால் தனியாக மாட்டக்கூடாது என்று வேறு சிலருக்கும் அதைக் கொடுத்தாராம். இருபத்தைந்து வருடம் கழித்துத்தான் உண்மையைச் சொன்னார்.

இனி நமது விடயத்துக்கு வருவோம். மின்னஞ்சல்.

ஈமெயில் என்றால் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போவது என்று பிள்ளைகள் எழுதுகிறார்கள். பரீட்சைக்கு அது போதும். ஆனால் முதல் ஈமெயில்கள் எங்கேயும் போகவில்லை. ஒரே கம்பியூட்டரைப் பகிர்ந்து பாவித்தவர்கள் ஒருவருக்கொருவர் விட்டுச் சென்ற துண்டுக் கடிதங்கள்தான் அவை. காலையில் வருபவர் மாலையில் வருபவருக்குச் செய்தி சொல்ல வேண்டுமென்றால் எல்லோரும் பார்க்கக்கூடிய பொது இடத்தில் ஒரு கோப்பை எழுதி, அதற்கு "டொம்முக்கு" என்று பெயர் வைத்துவிட்டுப் போவார். டொம் வந்து வாசிப்பார். அவருக்கு முன்னால் வந்தவர்களும் வாசிப்பார்கள். பள்ளி வாசலில் கடிதத்தை ஒட்டி வைத்தது போல.

1965இல் டொம் வான் விளெக், நோயல் மொரிஸ் என்ற இரண்டு இளைஞர்கள் அந்த கம்பியூட்டருக்கு "மெயில்" என்ற கட்டளையை எழுதினார்கள். இப்படியொன்று வேண்டும் என்ற யோசனை ஏற்கனவே ஒரு குறிப்பில் இருந்தது. செய்வதற்கு ஒருவருக்கும் நேரம் இல்லை. "நாங்க எழுதட்டா?" என்று கேட்டு எழுதினார்கள். அதில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு விதி. ஒவ்வொருவரின் கோப்புறையிலும் அவருக்கென்று ஒரு தபாற்பெட்டிக் கோப்பு. அதற்குள் யாரும் கடிதம் போடலாம். திறந்து வாசிக்கவும் அழிக்கவும் அதன் சொந்தக்காரருக்கு மட்டுமே முடியும். நம் படலையில் தொங்கும் தபாற்பெட்டியின் சட்டமும் அதுதானே. போடும் வாய் எல்லோருக்கும், திறக்கும் திறப்பு ஒருவருக்கு. இன்றைக்கு உலகம் முழுவதும் ஓடும் ஈமெயில் இந்த ஒரு விதியின் மேல்தான் நிற்கிறது.

அதே சி.ரி.எஸ்.எஸ்ஸில் நடந்த இன்னொரு சம்பவத்தைக் கோர்பட்டோவே பிற்காலத்தில், ட்யூரிங் விருது பெற்ற உரையில், விவரமாகச் சொல்லியிருக்கிறார். ஒருநாள் பின்னேரம் உள்ளே நுழைந்தவர்களுக்கு வழக்கமாக வரும் "இன்றைய அறிவித்தல்" வரவில்லை. அதற்குப் பதிலாக எல்லோருடைய கடவுச்சொற்களும் வரிசையாக அச்சாகி வந்தன. பதினைந்து இருபது நிமிடம் இப்படியே போனது. மனச்சாட்சியுள்ள ஒருவர் நிர்வாகிக்குத் தொலைபேசி எடுத்த பிறகுதான் இயந்திரத்தை நிறுத்தினார்கள். அடுத்த பன்னிரண்டு மணித்தியாலம் எல்லோருடைய கடவுச்சொல்லையும் மாற்றும் வேலை.

கள்ளன் யாரும் வரவில்லை. காரணம் வேறு. அந்த முறையில் ஒரு கோப்புறைக்குள் ஒரு நேரத்தில் ஓர் ஆள்தான் நுழையலாம். ஆனால் இயந்திரத்தைப் பராமரிக்கும் நிபுணர்கள் பன்னிரண்டு பேரளவில் பெருகிவிட்டார்கள். எல்லோருக்கும் வேலை இருந்தது நிர்வாகக் கோப்புறை ஒன்றில். ஒவ்வொருவராகக் காத்திருப்பது கரைச்சலாக இருந்தது. "எங்களுக்கு மட்டும் விலக்குத் தாங்க, நாங்க கவனமா இருப்பம்" என்று கோர்பட்டோவை நச்சரித்து அனுமதி வாங்கினார்கள். கோப்புகளைத் திருத்தும் மென்பொருளோ ஒரு கோப்புறையில் ஓர் ஆள்தான் இருப்பார் என்று நம்பி எழுதப்பட்டது. தற்காலிகக் கோப்புக்கு எப்போதும் ஒரே பெயரைத்தான் வைக்கும். ஒருவர் அறிவித்தலைத் திருத்திக்கொண்டிருந்த நேரத்தில் இன்னொருவர் கடவுச்சொல் பட்டியலைத் திருத்தினார். இரண்டும் இடம் மாறிப் போயின.

"வீட்டுல ஒண்டு இரிக்கிதானே" என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் கதை இதுதான். ஒரு கணக்கைப் பலர் பாவித்தார்கள், அதனால் உடைந்தது. அவர்கள் அந்தக் காலத்தில் இத்துறையின் மிகச் சிறந்த மூளைகள். ஒருவர் மேல் ஒருவருக்குச் சந்தேகமும் இருக்கவில்லை.

1971இல் ரே டொம்லின்சன் பக்கத்தில் பக்கத்தில் இருந்த இரண்டு கம்பியூட்டர்களுக்கு இடையில் செய்தி அனுப்பினார். ஆளின் பெயரையும் இயந்திரத்தின் பெயரையும் பிரிக்க @ குறியைப் போட்டார். எல்லோருக்கும் தெரிந்த கதை. நமக்கு முக்கியம், அந்தக் குறிக்கு முன்னால் வருவது ஓர் ஆளின் பெயர். பின்னால் வருவதுதான் பலர் பகிரும் பெட்டி.

இதற்குப் பிறகு ஒரு விசித்திரம் நடந்தது. 1981இல் ஐ.பி.எம் நிறுவனம் தனது "பர்சனல் கம்பியூட்டரை" வெளியிட்டது. பெயரே தனியாள் கம்பியூட்டர். ஒரே ஆள்தான் பாவிக்கப் போகிறார், அவருக்கு எதற்குப் பூட்டு? அதில் ஓடிய டொஸ் என்ற மென்பொருளில் "பாவனையாளர்" என்ற எண்ணமே கிடையாது. போட்டால் திறக்கும். யார் வந்தாலும் எல்லாம் தெரியும். இருபது வருடம் பாடுபட்டுக் கட்டிய சுவர்களை, இனித் தேவையில்லை என்று விட்டுவிட்டார்கள்.

ஆனால் அந்தத் தனியாள் கம்பியூட்டர் போய்ச் சேர்ந்தது எங்கே? வீடுகளுக்கு. வாப்பா, உம்மா, காக்கா, ராத்தா, தம்பி என்று ஒரு குடும்பமே அதற்கு முன்னால் வரிசையில் நின்றது. அமெரிக்காவிலும் அதே கதைதான். ஒரு மேசையில் ஒன்று, வீட்டில் ஐந்து பேர்.

விண்டோஸ் 98 பாவித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். தொடங்கும்போது பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும். தெரியாவிட்டால் எஸ்கேப் பொத்தானை அமத்துங்கள், உள்ளே போகலாம்! அது பூட்டல்ல, கிடுகு வேலி. மறைப்புக்கு நல்லது. ஆனால் ஆடு புகுந்துவிடும்.

இந்தக் கிடுகு வேலிக்காரர்களில் பெரியவர் அவுட்லுக் எக்ஸ்பிரஸ். அந்தக் காலத்தில் ஓர் இணைய இணைப்பு எடுத்தால் ஒரு மின்னஞ்சல் முகவரி கிடைக்கும். கடிதங்கள் நிறுவனத்தின் இயந்திரத்திலிருந்து வீட்டுக் கம்பியூட்டருக்கு இறங்கும். இறங்கியதும் அங்கே அழிந்துவிடும். ஆகக் கடிதம் இருப்பது உங்கள் மேசைக்குக் கீழே உள்ள பெட்டிக்குள் மட்டும்தான். வீட்டில் இரண்டாவது ஆளுக்கும் முகவரி எடுத்தால்? அவுட்லுக் எக்ஸ்பிரஸில் இரண்டாவது கணக்கைச் சேர்க்கலாம். ஆனால் இரண்டு பேருடைய கடிதங்களும் ஒரே பெட்டிக்குள் வந்து விழும். மகனுக்குச் சிநேகிதன் எழுதியதை வாப்பாதான் முதலில் வாசிப்பார். சிலர் "இந்த முகவரிக்கு வந்தால் இந்தக் கோப்புறைக்குள் போடு" என்று விதி எழுதிச் சமாளித்தார்கள்.

1999இல் வந்த ஐந்தாவது பதிப்பில் "அடையாளங்கள்" என்ற வசதியைக் கொண்டுவந்தார்கள். வாப்பாவுக்கு ஓர் அடையாளம், மகளுக்கு ஓர் அடையாளம். ஒவ்வொன்றுக்கும் தனிக் கடிதப்பெட்டி, தனி முகவரிப் புத்தகம். ஒருவர் எழும்பி மற்றவர் இருக்கும்போது மெனுவில் அடையாளத்தை மாற்றினால் போதும். வேண்டுமானால் பாஸ்வேர்டும் போடலாம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பாஸ்வேர்டைப் போடும்போதே மென்பொருள் ஓர் எச்சரிக்கை காட்டும்: பாஸ்வேர்ட் போட்டாலும் இந்தக் கம்பியூட்டரைப் பாவிக்கும் மற்றவர்கள் உங்கள் தகவலைப் பார்க்கக்கூடும் என்று. கடிதங்கள் எல்லாம் பூட்டில்லாத சாதாரண கோப்புகளாகத்தான் கிடந்தன. சொன்னதற்காக மைக்ரோசொப்டைப் பாராட்ட வேண்டும். யார் வாசித்தார்கள் என்பது வேறு கதை.

2001இல் விண்டோஸ் எக்ஸ்.பி வந்தபோதுதான் சுவர் கட்டத் தேவையான கல் வீட்டுக் கம்பியூட்டருக்குத் திரும்பி வந்தது. வரவேற்புத் திரையில் வாத்து, பந்து என்று படங்களோடு ஆளுக்கொரு பெயர். ஒருவர் வேலையை மூடாமலே மற்றவர் உள்ளே நுழையலாம். நம்மில் எத்தனை பேர் அதைச் சரியாகப் பாவித்தோம்? பெரும்பாலான வீடுகளில் ஒரே பெயர்தான். "ஹோம்", "பேமிலி", அல்லது கடைக்காரன் விண்டோஸ் போடும்போது வைத்த பெயர். பின்னால் வந்த விஸ்டாவில் அடையாளங்கள் வசதியையே எடுத்துவிட்டார்கள். ஆளுக்கொரு விண்டோஸ் கணக்கு வையுங்கள் என்பதுதான் அதன் பொருள். எனக்குக் கேட்டால் அது சரியான முடிவு. வேலியை அறைக்கு அறை போடாமல் வாசலில் போட வேண்டும்.

இதற்கிடையில் 1996இல் ஹொட்மெயில் வந்து நமது நாட்டுக்காரர்களுக்குக் கதையை மாற்றிவிட்டது. சபீர் பாட்டியா, ஜக் ஸ்மித் இருவரும் வேலை செய்த இடத்தில் இருந்துகொண்டு தங்கள் சொந்த மின்னஞ்சலைத் திறக்க முடியாமல் பட்ட கஷ்டத்தில் பிறந்த யோசனை அது. கடிதம் எந்தக் கம்பியூட்டரிலும் இறங்காது. எங்கிருந்தும் பார்க்கலாம். சொந்தமாகக் கம்பியூட்டர் இல்லாதவருக்கும் தபாற்பெட்டி கிடைத்தது. இதன் பெறுமதியை வளைகுடாவில் ஆள் உள்ள குடும்பங்களைக் கேட்டால் சொல்வார்கள்.

அதற்கு முன்னர் சவூதியிலிருந்து கடிதம் வந்தால் அது வீட்டுக்கே வந்த கடிதம். உறையில் ஒரு பெயர் இருக்கும். உடைத்து வாசிப்பவர் படித்த பிள்ளை. சுற்றிலும் மாமி, சாச்சி, பக்கத்து வீடு. மனைவிக்கென்று எழுத நினைத்ததை மனிதர் எழுதாமலே விட்டிருப்பார். கெசட்டில் பேசி அனுப்பினாலும் அதே சபைதான். பின்னர் கொமினிகேஷன் கடைகளும் நெட் கபேகளும் வந்தன. அரசாங்கத்தின் நெனசல நிலையங்கள் வந்தன. பள்ளிவாசல், பன்சலை, கோயில் என்று மக்கள் கூடும் இடங்களிலும் அவை அமைந்தன. அந்தத் திட்டத்துக்கு 2014இல் கேட்ஸ் மன்றத்தின் விருதும் கிடைத்தது. அங்கேயும் ஒரு கம்பியூட்டர், பல ஆட்கள். ஆனால் பெட்டி தனித்தனி. எழுபது வருடக் கிழவிக்கும் தன் பெயரில் ஒரு முகவரி இருக்கலாம் என்ற நிலை முதல் தடவையாக வந்தது.

வந்த நிலையை நாமே கைநழுவ விட்டோம் என்றுதான் சொல்வேன். கடைக்குப் போய் "தம்பி, ஈமெயில் ஒண்டு அடிச்சித் தா" என்போம். பிள்ளையின் பெயரில் முகவரி உருவாகும். பாஸ்வேர்ட் கடைக்காரப் பையனின் கொப்பியில். மீட்புக்கான தொலைபேசி இலக்கம் அவனுடையது. எனக்குத் தெரிந்த ஒரு பிள்ளை நல்ல பெறுபேறு எடுத்து ஒரு பயிற்சி நெறிக்கு விண்ணப்பித்தது. அழைப்பு மின்னஞ்சலில் வந்தது. பெட்டியைத் திறக்கப் பாஸ்வேர்ட் தெரியவில்லை. "மறந்துவிட்டது" என்று அமத்தினால் இரகசிய எண் போவது கடையில் நின்ற பையனின் போனுக்கு. பையன் கட்டாருக்குப் போய் ஆறு மாதம். அந்த இலக்கம் வேலை செய்யவில்லை. நேர்முகத் தேர்வு முடிந்த பிறகுதான் அழைப்பு வந்திருந்ததே வேறொரு வழியில் தெரிந்தது. அந்தப் பையன் கெட்டவனல்ல. ஐம்பது ரூபாய்க்கு உதவி செய்தவன். 1965இல் எழுதிய அந்த விதிதான் இங்கே தலைகீழாகிவிட்டது. பெட்டி பிள்ளையுடையது, திறப்பு வேறொருவருடையது.

2020இல் பாடசாலைகள் மூடியபோது இதன் இன்னொரு முகத்தைப் பார்த்தேன். ஒரு போன், மூன்று பிள்ளைகள். சூம் வகுப்பில் எட்டாம் தரத்துப் பிள்ளை வாப்பாவின் பெயரில் வந்து நிற்கும். அடுத்த வகுப்பில் அதே பெயரில் அதன் தம்பி. வரவு யாருக்குப் போடுவது? ஒப்படைகளும் அப்படித்தான். எல்லாம் ஒரே முகவரியிலிருந்து வந்தன. மூன்று பிள்ளைகளின் ஒப்படைகளை எழுத்தை வைத்துத்தான் பிரித்தோம்.

ஆகவே என்ன செய்யலாம்? வீட்டில் கம்பியூட்டர் இருந்தால் விண்டோஸில் ஆளுக்கொரு பாவனையாளர் கணக்கு போடுங்கள். காசு தேவையில்லை, பத்து நிமிட வேலை. குரோமில் ஆளுக்கொரு சுயவிவரம் வைக்கும் வசதியும் நல்லதுதான். ஆனால் அது பழைய அடையாளங்களின் பேரப்பிள்ளை. ஒரே விண்டோஸ் கணக்குக்குள் இருக்கும் யாரும் ஓர் அமத்தலில் அடுத்தவர் சுயவிவரத்துக்குள் போகலாம். கலக்காமல் இருக்க உதவும், பூட்டாகாது. கடையில் பாவிப்பதானால் விருந்தினர் சாளரத்தில் திறந்து, முடிந்ததும் வெளியேறி, அந்தச் சாளரத்தையும் மூடிவிட்டு எழும்புங்கள். "பாஸ்வேர்டை ஞாபகம் வைக்கவா?" என்று அது கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

பதின்மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குக் கூகிளில் தானாகக் கணக்குத் திறக்க முடியாது. பெற்றோரின் கணக்கோடு இணைத்துத்தான் திறக்க வேண்டும். பிறந்த வருடத்தை மாற்றிப் போடாதீர்கள். சின்னப் பிள்ளையின் கணக்கைப் பெற்றோர் பார்ப்பது சரி, பார்க்கத்தான் வேண்டும். உயர்தரம் முடித்த பிள்ளையின் திறப்பு பிள்ளையின் கையில் இருக்கட்டும்.

இன்றிரவு ஒரு வேலை செய்யுங்கள். வீட்டில் உள்ள ஒவ்வொருவரின் கூகிள் கணக்கையும் திறந்து, பாதுகாப்புப் பகுதியில் மீட்பு இலக்கமாக யாருடைய போன் இருக்கிறது என்று பாருங்கள். தெரியாத இலக்கமாக இருந்தால் இப்போதே மாற்றுங்கள், உள்ளே நுழைய முடிகின்ற நேரத்திலேயே. சாதாரண தரக் காலத்தில் திறந்துவிட்டு மறந்த கணக்குகளையும் தேடி ஒருமுறை உள்ளே போய் வாருங்கள். இரண்டு வருடம் யாரும் திறக்காத தனிப்பட்ட கணக்குகளைக் கூகிள் 2023 டிசம்பரிலிருந்து அழித்து வருகிறது. உள்ளே போக முடியாமல் இருந்தால் போனையும் எடுத்துக்கொண்டு பிள்ளையோடு பாடசாலைக்கு வாருங்கள். இன்ஷா அல்லாஹ், இருந்து பார்ப்போம்.